கதவைத் தட்டுபவருக்கா முதல் பணம்?

சேலத்தில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருந்த 43 வயது வாசகர் ஒருவர் நான்கு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன். தொகைகளை மாற்றவில்லை.

செவ்வாய்ப்பேட்டை வியாபாரியிடம் கட்டி வெள்ளி வாங்கி வந்து, கூலிக்குக் கொலுசு செய்து கொடுப்பது இவர் தொழில். ஐந்து மாதங்களுக்கு முன்பு கொண்டலாம்பட்டி பைபாஸில் ஒரு வேன் மோதி வலது மணிக்கட்டு முறிந்தது. ஆபரேஷன், பிளேட், நான்கு மாதம் வேலையே இல்லை. அதற்குள் வெள்ளி விலை எகிறி, ஆர்டரும் படுத்துவிட்டது. இப்போது இன்னொருவர் பட்டறையில் வேலை செய்கிறார். மாதம் 28,000 வருகிறது. மனைவி வீட்டிலிருந்தபடியே கொலுசுக்குச் சலங்கை மாட்டிக் கொடுத்து 9,000 சம்பாதிக்கிறார். மகள் கல்லூரியில், மகன் பத்தாம் வகுப்பில். வீட்டுச் செலவு 21,000. அப்பா வழியில் வந்த சிறிய வீடு ஒன்று இவர் பெயரில் இருக்கிறது.

இனி கடன்கள். மனைவியின் 5 பவுனை வங்கியில் அடகு வைத்து 1,50,000; ஏல நோட்டீஸ் வந்துவிட்டது. நிதி நிறுவனத்தில் வாங்கிய தனிநபர் கடனில் பாக்கி 3,10,000. தவணை 11,400, மூன்று மாதமாகக் கட்டவில்லை, மைத்துனர் ஜாமீன். மனைவி பெயரில் குழுக் கடன் பாக்கி 48,000, வாரம் 1,150. தெரிந்தவர் ஒருவரிடம் மூணு வட்டிக்கு 2,00,000. புரோநோட்டும், கையெழுத்து மட்டும் போட்ட இரண்டு செக்கும் அவர் கையில். 20 மாதம் வட்டி போயிருக்கிறது, அசல் அப்படியே நிற்கிறது. தண்டலில் 50,000, பிடித்தம் போகக் கையில் வந்தது 42,500, தினம் 500 வீதம் 40 நாள் கட்டியாயிற்று. மைத்துனரிடம் கைமாத்து 1,50,000. கடைசியாக, வியாபாரி வேலைக்குக் கொடுத்த 1 கிலோ 800 கிராம் வெள்ளியில் 600 கிராமை ஆஸ்பத்திரிச் செலவுக்காகக் கிராம் 120 ரூபாய்க்கு விற்றுவிட்டார். இன்று அதே வெள்ளியை வாங்கப் போனால் இரண்டு மடங்குக்கு மேல் ஆகும் என்கிறார்.

"வீட்டை மனைவி பெயருக்கு மாற்றிவிடலாமா மேடம்? வீட்டை அடமானம் வைத்து எல்லாவற்றையும் ஒரே கடனாக்கித் தருகிறேன் என்று ஒரு ஏஜென்ட் வருகிறார், நம்பலாமா? மஞ்சள் நோட்டீஸ் கொடுத்தால் தப்பிக்க முடியுமா? ஜெயிலுக்குப் போக வேண்டி வருமா?" இவை அவர் கேள்விகள்.

உங்கள் கடிதத்தின் கடைசிப் பக்கத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போக மனம் வராமல் ஏற்காடு ரோட்டில் இருட்டும்வரை தனியாக உட்கார்ந்துவிட்டு வருவதாகவும், "நான் இல்லாவிட்டால் இவர்களை யாரும் தொந்தரவு செய்ய மாட்டார்கள்" என்று தோன்றுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை வெறும் புலம்பலாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. அப்படித் தோன்றும் நேரத்தில் 104 அல்லது 14416 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள். இரண்டும் இலவசம், எந்நேரமும் தமிழில் பேசலாம். இன்றைக்கே உங்கள் மனைவியிடமும் சொல்லுங்கள். தண்டல் கடன் இருப்பது அவருக்குத் தெரியாது என்று எழுதியிருக்கிறீர்கள். இனி நான் சொல்லப்போகும் எதையும் அவர் இல்லாமல் உங்களால் செய்ய முடியாது.

சரி, கணக்குக்கு வருவோம். நிதி நிறுவனத் தவணை 11,400, மூணு வட்டி 6,000, தண்டல் மாதம் 15,000, குழுக் கடன் ஏறக்குறைய 5,000, நகைக்கடன் வட்டி 1,100 சொச்சம், மூடிக் கிடக்கும் பட்டறைக்கு வாடகை 4,500. கூட்டினால் 43,000. வருமானம் இருவருக்கும் சேர்த்து 37,000. அதாவது அரிசி வாங்குவதற்கு முன்பே 6,000 துண்டு விழுகிறது. உங்கள் சாமர்த்தியக் குறைவால் வந்ததல்ல இது. இந்தக் கணக்கை யார் கையில் கொடுத்தாலும் நேராகாது. ஆகவே எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சம் கொடுத்துச் சமாளிக்கும் வேலையை நிறுத்திவிட்டு, யாருக்கு முதலில் என்று முடிவு செய்ய வேண்டும்.

இப்போது உங்கள் வரிசையைத் தீர்மானிப்பது சத்தம். தண்டல்காரர் சாயங்காலம் வாசலில் நின்று கத்துகிறார், அவருக்கு 500 போகிறது. வெள்ளி கொடுத்த வியாபாரி மரியாதையாக ஒரு போன் செய்துவிட்டு விட்டுவிடுகிறார், அவருக்கு ஒன்றும் போகவில்லை. கட்டாவிட்டால் சட்டப்படி என்ன நடக்கும் என்று பார்த்தால் வரிசை தலைகீழாகிவிடும்.

முதலில் வெள்ளி

600 கிராமைக் "கடன்" என்று பட்டியலில் ஏழாவதாக எழுதியிருக்கிறீர்கள். அது கடனே இல்லை. விலைக்கு வாங்கிப் பாக்கி வைத்த சரக்கு என்றால் கடன். கொலுசு செய்து திருப்பித் தரச் சொல்லி நம்பி ஒப்படைத்த பொருள் அது. வெள்ளி அவருடையது, கூலி மட்டும்தான் உங்களுடையது. அதை எடுத்து விற்றது நம்பிக்கை மோசடி என்ற புகாருக்கு இடம் கொடுக்கும். புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 316-வது பிரிவில் இதற்கு ஐந்து ஆண்டு வரை சிறை உண்டு. ஆபரேஷனுக்காக விற்றேன் என்ற காரணம் இரக்கத்தைத் தரலாம், குற்றத்தை இல்லாமல் ஆக்காது. ஜெயில் பயம் என்று நீங்கள் கேட்டதில் உண்மையான பயம் இங்கேதான் இருக்கிறது.

இன்னொன்றும் கவனியுங்கள். இது ரூபாயில் இல்லை, எடையில் இருக்கிறது. வட்டி என்று ஒருவரும் கேட்காமலேயே, வெள்ளி ஏறும்போதெல்லாம் உங்கள் பாக்கியும் ஏறுகிறது.

செய்ய வேண்டியது இது. கையில் மீதமிருக்கும் 1 கிலோ 200 கிராமை, கட்டியாக இருந்தாலும் பாதி வேலை முடிந்த கொலுசாக இருந்தாலும், இந்த வாரமே அவர் கடைக்குக் கொண்டு போங்கள். அவர் தராசில் நிறுத்து, எடையையும் டச்சையும், அதாவது வெள்ளியின் சுத்தத்தையும், சீட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். கட்டியாக வாங்கியது கொலுசாகத் திரும்பும்போது டச் குறைந்திருக்கும். எடை மட்டும் எழுதினால் பின்னால் அதில்தான் தகராறு வரும். அப்புறம் 600 கிராம் விஷயத்தை நீங்களே சொல்லுங்கள். அவரே கண்டுபிடித்துக் கேட்பதற்கும் நீங்கள் போய்ச் சொல்வதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு. பெரும்பகுதியை இரண்டு வாரத்தில் தருவதாகவும், மீதியை வாரக் கூலியில் கழித்துக்கொள்ளும்படியும் கேளுங்கள். இந்தத் தொழிலில் நல்ல கைவேலைக்காரருக்கு எப்போதும் தேவை இருக்கிறது. நல்ல கை திரும்பி வருகிறது என்றால் போலீஸுக்குப் போக வியாபாரிக்கு என்ன லாபம்? பேசி முடித்ததை, அந்த நாளின் விலையையும் குறித்து, ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள்.

பணத்துக்கு எங்கே போவது? மனைவியின் 5 பவுன். நீங்கள் அடகு வைத்தபோது இருந்த விலைக்கும் இன்றைய விலைக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். இரண்டு பவுன் விற்றாலே ஏறக்குறைய அடகு முழுவதும் அடைந்துவிடும். மூன்றாவது பவுன் வெள்ளிக்குப் போகும். மீதி இரண்டு பவுன் அவரிடமே இருக்கட்டும். ஏலத்துக்கு விட்டுவிடாதீர்கள். ஏலத்தில் பாக்கி போக மிஞ்சுவதை வங்கி உங்களுக்குத் திருப்பித் தந்தாக வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் ஏலத்தில் எடுப்பவர் லாபம் பார்த்துத்தான் கேட்பார். நீங்களே விற்றால் அந்த லாபம் உங்களுக்கு. உருப்படிகள் தனித்தனியாக இருந்தால், ஒரு பகுதியைக் கட்டி ஒன்றிரண்டை மட்டும் மீட்க முடியுமா என்று கிளை மேலாளரைக் கேளுங்கள். "அடகுச் சீட்டை மட்டும் கொடுங்கள், மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்பவரிடம் சீட்டைக் கொடுத்துவிடாதீர்கள். ஒரு விஷயம், இந்த நகை உங்களுடையது அல்ல, அவருடைய சீதனம். சட்டம் அதை மனைவியின் தனிச்சொத்து என்றே சொல்கிறது. அவர் சம்மதித்தால்தான் இந்த யோசனை.

முதல் பணத்துக்கு ஒரு வழி உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. பட்டறைக்குக் கொடுத்த அட்வான்ஸ் 40,000. ஐந்து மாதமாகப் பூட்டிக் கிடக்கும் இடத்துக்கு மாதம் 4,500 எதற்கு? "காலி செய்தால் ஊரில் என்ன பேசுவார்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். தண்டல்காரர் வாசலில் நின்று பேசுவதைவிடக் குறைவாகத்தான் பேசுவார்கள். காலி செய்து, இரண்டு மிஷினில் ஒன்றை விற்று, ஒன்றை வீட்டில் வையுங்கள். யாராவது வந்து கருவிகளை ஜப்தி செய்துவிடுவார்களோ என்றும் பயந்திருக்கிறீர்கள். கைத்தொழில் செய்பவரின் கருவிகள், சமையல் பாத்திரம், துணிமணி, பெண்கள் மத வழக்கப்படி கழற்றாத தாலி போன்றவற்றை ஜப்தி செய்யக் கூடாது என்று சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60-வது பிரிவே சொல்கிறது. மிஷின் மேலேயே கடன் வாங்கியிருந்தால் கதை வேறு.

வெற்றுச் செக்கும் மூணு வட்டியும்

கணக்கை மூடிவிட்டால் செக் செல்லாது என்று நண்பர் சொன்னாராம். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கணக்கு மூடப்பட்டது என்று செக் திரும்பினாலும் செலாவணி முறிச் சட்டத்தின் 138-வது பிரிவில் செக் மோசடி வழக்கு வரும். வெற்றுச் செக்தானே என்ற ஆறுதலும் வேண்டாம். கையெழுத்து உங்களுடையது என்றால், தொகையை வேறொருவர் எழுதியிருந்தாலும் கடனைத் தீர்க்கக் கொடுத்ததாகவே அனுமானிக்கப்படும் என்று 2019-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்த அனுமானத்தை உடைக்கும் பொறுப்பு உங்கள் தலையில். செக் திரும்பியதும் 30 நாளுக்குள் அவர் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். உங்களுக்குக் கிடைத்த நாளிலிருந்து 15 நாள் அவகாசம். அந்தத் தபாலை வாங்க மறுப்பதால் ஒரு பயனும் இல்லை. வாங்கி, வழக்கறிஞர் மூலம் பதில் கொடுங்கள். இந்த வழக்கில் இரண்டு ஆண்டு வரை சிறையோ, செக் தொகையில் இரண்டு மடங்கு வரை அபராதமோ விதிக்கலாம். எந்தக் கட்டத்திலும் சமாதானமாக முடித்துக்கொள்ளவும் சட்டம் அனுமதிக்கிறது.

உங்கள் பக்கமும் பலம் இருக்கிறது. மூணு வட்டி என்பது ஆண்டுக்கு 36 சதவீதம். அரசு நிர்ணயித்த உச்ச வரம்புக்கு இது எவ்வளவோ மேலே. தமிழ்நாடு அதீத வட்டி வசூல் தடைச் சட்டம் 2003-ல் வந்தது. கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் எல்லாம் பெயர் சொல்லியே அதில் இருக்கின்றன. மூன்று ஆண்டு வரை சிறை. அனுமதிக்கப்பட்ட வட்டியோடு கடன் தொகையைக் கோர்ட்டில் கட்டி, கடன் தீர்ந்ததாகப் பதிவு செய்யக் கேட்கவும் அதில் வழி உண்டு. நீங்கள் கட்டிய 1,20,000-ல் பெரும்பகுதியை அசலில் கழிக்க வேண்டும் என்று வாதிட இடம் இருக்கிறது. வட்டியை ஜிபேயில் அனுப்பியிருப்பது உங்கள் அதிர்ஷ்டம். அந்த 20 மாத வரவு செலவை வங்கியிலிருந்து அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

எடுத்த எடுப்பில் புகார் கொடுக்கச் சொல்ல மாட்டேன். ஆபத்துக்குப் பணம் கொடுத்தவர், மிரட்டியதாகவும் நீங்கள் எழுதவில்லை. "இனி மாதம் 5,000, முழுவதும் அசலுக்கு, இரண்டு செக்கில் ஒன்றை இப்போதே திருப்பிக் கொடுங்கள்" என்று கேளுங்கள். புரோநோட்டின் பின்பக்கத்தில் ஒவ்வொரு வரவையும் எழுத வேண்டும் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். மறுத்தால் அப்போது சட்டம் இருக்கிறது.

தண்டல் கணக்கு இன்னும் மோசம். 42,500 கொடுத்து 100 நாளில் 50,000 வாங்குவது பார்க்கச் சின்ன வித்தியாசமாகத் தெரியும். தினமும் அசல் குறைந்துகொண்டே வருவதையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் ஆண்டுக்கு 120 சதவீதம். இதுவரை 20,000 கட்டிவிட்டீர்கள். கையில் வாங்கியதில் பாக்கி 22,500. நகைப் பணம் வந்ததும் அதோடு கொஞ்சம் சேர்த்துக் கொடுத்து ஒரே தடவையில் முடியுங்கள். அட்டையில் "முழுதும் தீர்ந்தது" என்று எழுதி வாங்கிக்கொண்டு அட்டையைப் பத்திரப்படுத்துங்கள். வாசலில் நின்று மகளைப் பற்றிப் பேசுவது, வேலை செய்யும் இடத்துக்கு வருவது என்று மீண்டும் நடந்தால் நகர காவல் ஆணையர் அலுவலகத்தில் எழுத்தில் புகார் கொடுங்கள். கட்டாய வசூலைத் தடுக்க 2025-ல் நம் சட்டமன்றம் தனியாகவே ஒரு சட்டம் போட்டிருக்கிறது.

வீடும் மஞ்சள் நோட்டீஸும்

வீட்டை இப்போது மனைவி பெயருக்கு எழுதினால், கடன் கொடுத்தவர்களை ஏமாற்றவே எழுதியது என்று சொல்லி அந்தப் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்க சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 53-வது பிரிவு இடம் தருகிறது. பத்திரச் செலவும் போய், நாளைக்கு நீதிமன்றத்தில் உங்கள் நேர்மையும் கேள்விக்குள்ளாகும்.

அடமான யோசனை அதைவிட ஆபத்து. இன்றைய நிலையில் உங்கள் வீட்டை ஈடாக வைத்திருப்பவர் ஒருவரும் இல்லை. வழக்குப் போட்டு, ஜெயித்து, அதன் பிறகுதான் வீட்டைத் தொட முடியும். வங்கியில் அடமானம் வைத்துவிட்டால், தவணை தவறும்போது 60 நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டு, வழக்கே போடாமல் வீட்டை எடுத்து விற்க சர்ஃபாசி சட்டம் வழி செய்கிறது. ஈடில்லாத கடனை எல்லாம் அடைக்க வீட்டை ஈடு வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அந்த ஏஜென்ட் முன்கூட்டியே கமிஷன் கேட்கிறார் என்பதிலேயே மீதி தெரிந்துவிடுகிறது.

மஞ்சள் நோட்டீஸ் என்று ஊரில் சொல்வது 1920-ஆம் ஆண்டின் நொடிப்புநிலைச் சட்டப்படி போடும் மனுவை. சாதாரணத் தனிநபர்களுக்கு இன்றும் அதுதான் நடைமுறையில் இருக்கிறது. 500 ரூபாய் கடன் இருந்தாலே மனுப் போடலாம் என்ற வரி கூட இன்னும் மாறவில்லை! நோட்டீஸ் கொடுத்ததும் கடன் ஒழிந்துவிடாது. நீதிமன்றம் உங்களை நொடித்தவர் என்று அறிவித்தால், வீடு உட்பட சொத்து அதிகாரபூர்வ ரிசீவர் கைக்குப் போகும். விற்றுப் பங்கு போடுவார்கள். நம்பிக்கை மோசடியால் வந்த பொறுப்பு கடைசியில் கிடைக்கும் விடுதலையிலும் தீராது, ஆக வெள்ளி விவகாரம் அப்படியே நிற்கும். செக் வழக்கும் நிற்கும். ஜாமீன் போட்ட மைத்துனரும் தப்ப மாட்டார். வீடு வைத்திருக்கிற, மாதம் 37,000 வருகிற குடும்பத்துக்கு இது மருந்தாகாது.

நிதி நிறுவனமும் குழுவும்

நிதி நிறுவனக் கடன் கட்டாததற்காக மட்டும் ஜெயில் இல்லை. ஆனால் 90 நாள் தாண்டினால் கணக்கு வாராக்கடனாகும்; தானாகக் கழியும் தவணை திரும்பினாலும் செக் வழக்கு மாதிரி நடவடிக்கை எடுக்கத் தனிச் சட்டம் உண்டு. ஆகவே போனை அணைத்து வைப்பதை விட்டுவிட்டு ஒரு கடிதம் எழுதுங்கள். விபத்து, ஆஸ்பத்திரிச் சீட்டு நகல், இப்போதைய வருமானம், மாதம் 6,000 என்றால் தவறாமல் கட்ட முடியும் என்ற விவரம், தவணைக் காலத்தை நீட்டித்துத் தரும் கோரிக்கை. ஒரு பக்கம் போதும். பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். ஒரே தொகையாகக் கட்டி முடித்துக்கொள்ளச் சொன்னால், உங்கள் கடன் வரலாற்றைப் பதிவு செய்யும் சிபிலில் "செட்டில்டு" என்று பதிவாகி அடுத்த கடனுக்குத் தடையாகும் என்பதைத் தெரிந்தே முடிவெடுங்கள். வசூல்காரர்கள் காலை 8-க்கு முன்பும் இரவு 7-க்குப் பின்பும் கூப்பிடக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. நிறுவனத்தில் கொடுத்த புகாருக்கு 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஒம்புட்ஸ்மேனிடம் போகலாம், தகவலுக்கு 14448.

குழுக் கடனை மட்டும் ஒரு வாரமும் தவறவிடாதீர்கள். உங்கள் மனைவி கட்டாவிட்டால் அந்தச் சுமை பக்கத்து வீட்டுப் பெண்கள் மேல் விழும். இப்படி வைத்தால் மாதம் மிஞ்சும் 16,000-ல் குழுவுக்கு 5,000, நிதி நிறுவனத்துக்கு 6,000, மூணு வட்டிக்காரருக்கு 5,000. பத்து, பதினொரு மாதத்தில் குழுக் கடன் முடியும். அந்த 5,000 அப்புறம் மைத்துனருக்குப் போகட்டும். அவர் வரிசையில் கடைசி என்பதை நீங்களே நேரில் போய்ச் சொல்லிவிடுங்கள். ஜாமீன்தாரர் என்ற முறையில் அவருக்கும் நோட்டீஸ் வரலாம். அது தபாலில் வந்து அவருக்குத் தெரியக் கூடாது.

நீங்கள் ஒரே வரியில் தாண்டிப் போனது

"வேன்காரர் 15,000 கொடுத்தார், அதோடு விட்டுவிட்டேன்." இதைப் படித்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கைவேலையே பிழைப்பாக உள்ளவருக்கு வலது மணிக்கட்டு முறிந்திருக்கிறது. மருத்துவச் செலவு, நான்கு மாத வருமான இழப்பு, பிடிமானம் குறைந்திருந்தால் அந்த ஊனம் எல்லாவற்றுக்கும் வேனின் இன்ஷூரன்ஸ் நிறுவனத்திடம் இழப்பீடு கேட்டு விபத்துத் தீர்ப்பாயத்தில் மனுப் போடலாம். 15,000 வாங்கிவிட்டதால் உரிமை போய்விட்டது என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். ஆனால் 2022 ஏப்ரல் முதல் விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் மனுப் போட வேண்டும் என்ற விதி இருக்கிறது. உங்களுக்கு மீதமிருப்பது ஒரு மாதம்கூட இருக்காது.

அதனால் வரும் திங்கட்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு மனைவியோடு அஸ்தம்பட்டி நீதிமன்ற வளாகத்திலுள்ள மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போங்கள். பெண்களுக்கு வருமான வரம்பே இல்லாமல் இலவச வழக்கறிஞர் உண்டு. உங்களுக்கு வருமானத்தைப் பார்த்துச் சொல்வார்கள். மூணு வட்டிக்காரரோடும் நிதி நிறுவனத்தோடும் லோக் அதாலத் என்னும் மக்கள் நீதிமன்றத்தில் பேசி முடிக்கவும் அங்கேயே மனுக் கொடுக்கலாம், அதற்குக் கட்டணம் இல்லை. முன்கூட்டிக் கேட்க 15100. போகும்போது எஃப்.ஐ.ஆர் நகல் அல்லது மனு ரசீது, வேன் நம்பர், முதலில் சேர்த்த அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகல், டிஸ்சார்ஜ் சீட்டு, எக்ஸ்ரே, மருந்து பில்கள், ஏல நோட்டீஸ், தண்டல் அட்டை, ஜிபே அச்சு எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். கூலிக் கணக்கு எழுதிய பழைய நோட்டையும் மறக்காதீர்கள். விபத்துக்கு முன்பு நீங்கள் எவ்வளவு சம்பாதித்தீர்கள் என்பதற்கு உங்களிடம் இருக்கும் ஒரே சாட்சி அதுதான்.